நாற்பத்தொன்றாவது தென்னை

தீவு என்பது நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதியாகும். ஜவ்வாது மலை முதியோர் கல்வி வகுப்பில் நாற்பத்தாறாம் வயதில் இதைப் படித்த நான், 1981ஆம் ஆண்டு விவசாயிகள் சுற்றுலாவில், இராமேசுவரத்தை அடுத்த ஒரு சிறு தீவை நேரிலேயே கண்டேன்.

அங்கிருந்த தென்னந்தோப்புக்காரர் சூசை, “மொத்தம் நாப்பது தென்னைங்க” என்றார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டு, உரக்க எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது.

“இன்னாடா ரங்கா, படிச்சவன்னு பீத்திக்கினியே, எண்ண வரலியா?” என்றான் கோபால்சாமி. சுற்றுலாவுக்கு உடன் வந்திருந்த எங்கள் ஊரார் அனைவரும் சிரித்தனர்.

சூசையை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் எண்ணினேன். கடைசி மரத்தருகே அவர் நின்றுவிட்டார். “இது நேத்து இல்லங்க” என்றார்.

அது காய்த்துக் குலுங்கும் முதிர்ந்த மரம். அடிமரத்தில் மூன்று வெட்டுகள் இருந்தன. எங்கள் மலையில் ஒவ்வொரு குடும்பமும் தன் புளியமரத்தில் தனக்குரிய வெட்டுக்குறியை இடும். மூன்று வெட்டு என் தந்தையின் குறியாகும். அவர் மலையை விட்டு ஒருநாளும் இறங்காமலே காலமானவர். வெட்டுகளில் ஈரம் காயவில்லை.

இப்போது எவரும் சிரிக்கவில்லை. நான் நோட்டை எடுத்து, நாற்பத்தொன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கீழே கையொப்பமிட்டேன். என் எண்ணிக்கையில் பிழை இல்லை.