சஹனில் என் இடம்

"பள்ளிக்கூடமும் இல்ல, கலியாணமும் வேணாமெண்டா என்னதான்டி செய்யப் போறாய்?" என்று நானா கேட்டார். என் படிப்பை நிறுத்தியவரே அண்ணனான அவர்தான்.

காரில் இலங்கைத்துறைக்குப் போகும் வழியில் இடிந்த கோட்டையொன்றைச் சுற்றிப் பார்த்தோம். மழை பிடிக்கவே, உம்மாவும் நானாவும் நானும் அதன் வளைவுக்கடியில் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். அப்போதுதான் நானா என் நிக்காஹ் நாளைச் சொன்னார். ஆத்திரத்தில் கையை உதறி எழுந்து மழைக்குள் போய் நின்றேன்.

"கோவத்த விட்டுட்டுத் தின்னு, ஸல்ஹா."

உம்மாவின் குரல் கேட்டுத் திரும்பினேன். என் இடத்தில் என் முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நனைந்திருக்கவில்லை.

"இப்ப சம்மதந்தானே?" என்றார் நானா.

"ஓம், நானா," என்றாள் அவள்.

"நான் இஞ்ச நிக்கிறன்!" என்று கத்தினேன்.

உம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்.