ஒன்பது பேர் வந்த நாள்

"என்ரை விசிலை ஆரடா எடுத்தது?"

நிசாந் கத்திய கத்தலுக்கு மைதானத்தில் நின்ற ஒன்பது பேரில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. லூக்காஸ் மட்டும் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைக்கும்போது மாலை வெயிலில் அது மினுங்கிவிட்டது. நிசாந்தின் கார்ச் சாவி.

ஒரு கிழமையாகப் பயந்துகொண்டிருந்த காரியம் இன்றைக்கே நடக்கப் போகிறது போலிருக்கிறதே!

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஆறு வருசமாக அவன் கட்டிக் காத்த அமெரிக்கன் ஃபுட்பால் அணி இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை மோதி விழுத்த வேண்டும். பெரிய கழகங்களில் தாக்க ஒரு கூட்டம், தடுக்க இன்னொரு கூட்டம் என்று ஐம்பது பேர் இருப்பார்கள். இவனிடம் இருப்பது தட்டுத்தடுமாறிப் பதின்மூன்று பேர். தாக்குகிறவனேதான் தடுக்கவும் வேண்டும். ஆட்டம் முடியும்வரை ஒருவருக்கும் குந்த நேரமில்லை. பயிற்சிக்கு ஆட்கள் ஒற்றைப்படையாக வந்தால் நிசாந்தும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் இறங்கிவிடுவான்.

இப்போது பக்கத்து ஊர்க் கழகம் இவனுடைய பெடியளுக்கு வலை வீசுகிறது என்று கேள்வி. மூன்று பேர் கழன்றால் போதும், பதினொருவர் சேராது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் இல்லை, அணியும் இல்லை.

"வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே?" என்று மறுபடி அதட்டினான்.

மெல்லக் கிட்டே வந்தவன் கவிஷன். அணித் தலைவன், மருத்துவமனையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறவன். "அண்ணை, கொஞ்சம் இருங்கோ. தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்டபடி நிசாந்தின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தான். துரோகம் செய்ய வருகிறவன் இப்படித்தான் தேனொழுகப் பேசுவான் என்று நிசாந் நினைத்துக்கொண்டான்.

"இருக்கவே இஞ்சை வந்தனான்? வரிசையிலை நில்லுங்கோ!"

அப்போதுதான் கவனித்தான். பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் அத்தனை பேரின் சட்டையிலும் சேறு. லூக்காஸுக்கு முகமெல்லாம் வியர்வை. புல்லில் ஒரு தலைக்கவசம் அநாதையாகக் கிடந்தது, அதன் நாடி வார் அறுந்திருந்தது.

"எனக்குத் தெரியாமல் வேறை எங்கையோ விளையாடிப்போட்டு வாறியளோ?"

ஒருவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிசாந் பல்லைக் கடித்துக்கொண்டு ஆத்திரத்தை விழுங்கினான். ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இவர்களைப் பிடித்து வைக்க வேண்டுமே!

"சரி, கேளுங்கோ. இண்டைக்குப் புதுத் திட்டம்," என்று தொடங்கினான். மத்தியானம் வேலையிடத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே மனதுக்குள் போட்ட திட்டம். மனிசிக்குக்கூட அவன் மூச்சு விடவில்லை. "முதலிலை அஞ்சுக்கு அஞ்சு. தாக்கிற அஞ்சு பேரும்..."

"பந்து கைமாறின உடனை, நிண்ட இடத்திலையே தடுப்புக்கு மாறவேணும்," என்று கவிஷன் தணிந்த குரலில் முடித்தான். "மாறுற அந்த இடைவெளியிலைதான் நாங்கள் தோக்கிறம். பிறகு குப்பைத் தொட்டியளை எதிராளியாய் வைச்சு ஓடுறது. களைச்சுப்போனால் பந்து உதைக்கிற பயிற்சி, அதுதான் மூச்சு வாங்கிற நேரம்."

சொல்லுக்குச் சொல் அதே! ஒருவருக்கும் சொல்லாத திட்டம் இவன் வாயில் எப்படி வந்தது? இவனுக்கே தெரியும் என்றால் பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"சாவியைத் தாடா. நான் போறன்," என்று லூக்காஸை நோக்கி நடந்தான். லூக்காஸ் அசையவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நெருங்கி வந்து அவனைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். வாசலுக்குப் போகிற பக்கம் அடைபட்டுப் போனது.

அந்நேரம் வாசலில் ஒரு கார் கிரீச்சிட்டு நின்றது. இறங்கி ஓடிவந்தவள் தக்சாயினி, அவனுடைய மனைவி. ஆறு வருசத்தில் இந்த மைதானத்தை எட்டிப் பார்க்காதவள். வந்தவள் புல்லில் கிடந்த தலைக்கவசத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னை ஆர் கூப்பிட்டது?" என்றான் நிசாந். அவள் கவிஷனைப் பார்த்தாள், கவிஷன் தலையாட்டினான். இவளையும் கைக்குள் போட்டுவிட்டார்களா! கட்டின மனிசியும் சேர்ந்துகொண்டால் இனி அவனுக்கென்று ஆர் இருக்கிறார்கள்?

"எல்லாரும் சேர்ந்து என்னை நடுத்தெருவிலை விடத்தானே பாக்கிறியள்?" கவிஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "சொல்லடா! என்ரை திட்டத்தை உனக்கு ஆர் சொன்னது?"

தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கவிஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. நிசாந்தின் கையை விலக்காமல், அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

"நீங்கள்தான் சொன்னனீங்கள் அண்ணை. லூக்காஸோடை மோதி விழுந்து எழும்பினதிலையிருந்து இது மூண்டாந்தரம்."