சுப்ரஜாவின் ஸ்லைடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிக்குட்டிகளின் பிட்யூட்டரி சுரப்பியை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் செல்கள் பழுப்பாகத் தெரியும். பிறந்த அன்று அவை குறைவு, குட்டி வளர வளரக் கூடும். ஆறு வருடமாகத் தேஹு ரோட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து நான் அவற்றை எண்ணுகிறேன்.

சுப்ரஜா கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சார் மீட்டிங்கில் அவள் ஸ்லைடைத்தான் காட்டினார். என்னுடையதை ஒருமுறைகூடக் காட்டியதில்லை.

"ஷீலாக்கா, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா? ஒரு நாள் குட்டி. போன வாரம் நாப்பத்திரெண்டு எண்ணுனேன். இப்ப அறுவத்தொண்ணு வருதுங்க."

"அரே, கண்ணத் தொடச்சிட்டு எண்ணு," என்றேன்.

நானே எண்ணினேன். அறுபத்தொன்று. அடுத்த வெள்ளிக்கிழமை எண்பது. அந்தக் குட்டி செத்து இரண்டு மாதமாகிறது. என் ஸ்லைடுகளில் ஒரு செல்கூடக் கூடவில்லை.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது அந்த ஸ்லைடு, என்னுடையதில் ஒன்று, இரண்டின் லேபிள்களையும் உரித்தேன். அவள் பெயரை என் ஸ்லைடில் ஒட்டினேன், என் பெயரை அவளுடையதில்.

திங்கட்கிழமை என் பெயர் இருந்ததில் முப்பது செல்கள். செவ்வாய்க்கிழமை ஒன்பது. இன்று சீவலே இல்லை. லேபிளுக்குக் கீழே வெறும் கண்ணாடி.

பக்கத்து மேசையில், நான் அவள் பெயரை ஒட்டிய என் ஸ்லைடின் மேல் குனிந்து, சுப்ரஜா மெதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். இருநூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டாள்.