இரண்டு கோபுரமும் ஒரு சந்தும்

“சங்கிலியைத் தாண்டி ஒரு அடி வெச்சீங்கன்னா, நடக்கிறதே வேற!”

காவலாளி போட்ட சத்தம் எதிர்க் கோபுரத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் மாடி அலுவலகத்தில் காபியோடு நின்றிருந்த மேலாளருக்கு மனசு குளிர்ந்தது. ஆளைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

நகரத்தின் நடுவில் புதிதாக எழும்பிய இரட்டைக் கோபுரம் அது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று முப்பத்துநாலு மாடி. இரண்டு கோபுரத்துக்கும் இடையில், பின்பக்கத் தெருவிலிருந்து முன்பக்கப் பூங்காவுக்குப் போகும் பழைய சந்து ஒன்று இருந்தது.

அந்தச் சந்தை ஊருக்கு விட்டுவைப்பதாக எழுதிக் கொடுத்துத்தான் நாலு மாடி கூடுதலாகக் கட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். மாடிதான் கட்டியாயிற்றே, இனிமேல் சந்து எதற்கு? மேலாளர் குறுக்கே சங்கிலியைப் போட்டு, ‘தனியார் வழி’ என்று பலகையும் மாட்டிவிட்டார்.

நாலு நாள் முணுமுணுத்துவிட்டு ஊர் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. மழலையர் பள்ளி டீச்சர் மட்டும் அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, ஒரே கயிற்றைப் பிடித்த பதினாலு வாண்டுகளோடு வந்து சங்கிலி முன்னால் நின்றுவிடுவாள்.

“சுத்திப் போங்கம்மா! எத்தனை தடவை சொல்றது?”

“சுத்திப் போனா லாரி ஓடுற ரோடு. ஓரமா நடக்கக்கூட இடமில்லை. இந்தப் பொடிசுங்களை அதுல இறக்கணுமா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இது தனியார் இடம்!”

“வழி விடறோம்னு சொல்லித்தானே நாலு மாடி கூடக் கட்டினீங்க? அந்த நாலு மாடியையும் கீழே இறக்கி வைங்க. நாங்க சுத்திப் போறோம்.”

மேலே நின்ற மேலாளருக்குச் சுருக்கென்றது. காவலாளி இன்னும் ஒரு சுதி ஏற்றினான். அவன் டீச்சரோடு மல்லுக்கு நின்ற நேரத்தில், பதினாலு பேரும் தலைகூடக் குனியாமல் சங்கிலிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அத்தனை கத்தலுக்கும் ஒரு பிள்ளைகூட அழவில்லை. நடுவில் நின்ற ரெட்டைச் சடை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மேலாளர் படியிறங்கி ஓடி வந்தார். “என்னய்யா, உன் கண்ணு முன்னாலயே போயிடுச்சுங்க?”

“பச்சைப் புள்ளைங்க மேல எப்படி சார் கை வைக்கிறது?”

“கை வைக்க வேண்டாம். எழுது! யார் வந்தாங்க, எத்தனை மணி, என்ன பேசினாங்க, ஒண்ணு விடாம நோட்டுல எழுது. அத்துமீறி நுழைஞ்சாங்கன்னு கேஸ் போட்டுடலாம்.”

“ஆகட்டும் சார்” என்றான் காவலாளி.

ஐந்து வாரம் ஓடிற்று. மேல் மாடிகளுக்கு ஆட்கள் குடிவருவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துச் சான்றிதழ் தருவதற்காகக் கட்டட அதிகாரி அம்மா வந்தார். கையில் ஒரு புகார் மனுவும் இருந்தது.

“சந்தை அடைச்சு வெச்சிருக்கீங்களாமே?”

“அந்தப் பக்கம் யாரு மேடம் வர்றா? ஒரே ஒரு டீச்சர். வேணும்னே வந்து வம்பு பண்றாங்க. எங்ககிட்ட ஆதாரம் இருக்கு.” மேலாளர் கையைத் தட்டினார். “அந்த நோட்டை எடுத்துட்டு வாய்யா!”

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நிறுத்தி, உரக்கவே படித்தார்.

“‘எட்டு பத்து. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர், ஆஸ்பத்திரிக்கு. மேலாளர் உத்தரவுப்படி தடுக்கப்பட்டார்.’ ‘எட்டு நாற்பது. நிறைமாதக் கர்ப்பிணி, பஸ்ஸுக்கு. மேலாளர் உத்தரவுப்படி தடுக்கப்பட்டார்.’ எல்லார்கிட்டயும் கையெழுத்து வேற வாங்கியிருக்காரு. நானூறு பேருக்கு மேல இருக்கும் போலிருக்கே! புகார்லகூட இவ்வளவு விவரம் இல்லை சார்.”

மேலாளர் நோட்டை வாங்கக் கையை நீட்டினார். அதிகாரி நோட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சங்கிலி இப்பவே இறங்கணும். இல்லேன்னா மேல இருக்கிற நாலு மாடியிலயும் புறாதான் குடியிருக்கும்.”

சங்கிலி இறங்கியது. அதிகாரியின் கார் தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மேலாளர், காவலாளி மேல் பாய்ந்தார்.

“என்னய்யா எழுதித் தொலைச்சிருக்கே?”

“ஒண்ணு விடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“நாளையிலேருந்து இந்தப் பக்கமே தலை காட்டாதே!”

காவலாளி நிதானமாகத் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். “வேலைக்கு வரலை சார். ஆனா இந்தப் பக்கம் வருவேன். இது பொது வழி.”

மணி பத்து. சந்துக்குள் டீச்சர் நிமிர்ந்து நடந்து வந்தாள். பின்னாலேயே பிள்ளைகளின் வரிசை. மேலாளர் நடுப்பாதையில் தொப்பியும் கையுமாக நின்றிருந்தார்.

ரெட்டைச் சடை வரிசையை விட்டு ஓடி வந்து, காவலாளியின் காலைக் கட்டிக்கொண்டது. மேலாளரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவனை அண்ணாந்து கேட்டது:

“அப்பா, இந்த மாமா ஏன் வழியில நிக்கிறாரு?”