அலமாரிக் கதவு

பெண் கொடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது இரும்புக்கடை ரத்தினசாமியின் கொள்கை. மகள் தேன்மலரைப் பார்க்க வந்தால் ஆடும் கதவுகளையெல்லாம் முடுக்குவார். வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். இம்முறை மத்தியானத்துக்குள்ளேயே முடித்துவிட்டுப் பையை மாட்டினார்.

"அப்பா, அலமாரிக் கதவு ஆடுதுப்பா."

காலையில் அவரே முடுக்கிய கீல்தான். திருகாணிகள் பாதி வெளியே நின்றன. தலைகளில் கத்திமுனை கீறிய புதுக் கோடுகள். மகளின் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"ஒரு நாள் வேலையாச்சேம்மா" என்றார்.

"நாலு நாளாகும்."

"ரெண்டு."

"மூணு. அதுக்குக் கீழ கட்டாதுப்பா."

இறுக்கமாக மிச்சமிருந்த ஒரே திருகாணியையும் ரத்தினசாமி தானே கழற்றினார். "சரி, காப்பி போடு."