மச்சான் வேனின் மீட்டர்

"பொய் சொல்றதுக்குன்னே செஞ்ச மீட்டர்டா இது" என்று வேனின் ஸ்பீடோமீட்டரை ஓங்கித் தட்டினார் வாத்தியார். தட்டிய தட்டில் பக்கத்திலிருந்த கடிகாரம் நின்றுபோனது.

ஓட்டுநர் பள்ளி நடத்துபவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பேருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அவருடைய முடிவு. வேன் அவர் மச்சானுடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த பழைய கேம்பர் வேன். 'ஓடுற சமையல்கட்டு' என்றுதான் வாத்தியார் அதைச் சொல்வார்.

இரண்டு வண்டியும் சேர்ந்து போகும்போதெல்லாம் வேனின் மீட்டர் அவருடைய ஜீப்பின் மீட்டரைவிட வேகத்தைக் கூட்டியே காட்டியது. மெக்கானிக் ஸ்பீடோமீட்டர் கேபிளை உருவிக் கிரீஸ் தடவிப் பார்த்தார், பிறகு புதுசே மாற்றிப் பார்த்தார். முள் பிடிவாதத்தை விடவில்லை. சின்ன டயர் மாட்டியிருந்தால் இப்படிக் கூட்டிக் காட்டும் என்றார். மச்சான் மண்டி போட்டுப் பார்த்தான். கதவோரம் கம்பெனிக்காரன் போட்டிருந்த டயர் அளவும் டயரில் இருந்த அளவும் ஒன்றுதான்.

"டயர் சரியா இருந்து என்னடா, வண்டியே சரியில்லையே" என்று வாத்தியார் தன் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டார். போன வருஷம் பழைய சக்கரங்களைக் கழற்றிக் கடாசிவிட்டு அவர் ஆசையாக மாட்டிய டயர்கள் இடுப்புக்கு வந்தன. உள்ளே ஏற மனைவிக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. வாத்தியாருக்கோ மேலே உட்கார்ந்து ஊரைக் கீழே பார்ப்பதில் ஒரு தனி சுகம்.

வேனைவிட அவருக்கு ஆகாதது ஒன்று உண்டென்றால், அது பெரிய சாலையில் வைத்திருந்த வேகக் கேமரா. அறுபதைத் தாண்டக் கூடாத இடத்தில் அறுபத்தெட்டில் போனார் என்று இரண்டு தடவை அவரைப் படம் பிடித்துப் போட்டுக்கொடுத்துவிட்டது. இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் காலி. லைசென்ஸ் இல்லாத வாத்தியாரிடம் யார் வண்டி கற்றுக்கொள்ள வருவார்கள்? பள்ளிக்குப் பூட்டுதான்.

ஜீப்பின் முள் அறுபதைத் தாண்டவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கேமராவைச் செய்தவன், விற்றவன், வாங்கி மாட்டியவன் என்று ஒருவரையும் மிச்சம் வைக்காமல் திட்டினார். இப்போது அந்த வரிசையில் வேனும் சேர்ந்துகொண்டது.

மனைவிக்குத்தான் கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை. மீட்டரைச் சோதிக்க வேறு ரோடே கிடைக்கவில்லையா என்று கெஞ்சிப் பார்த்தாள். வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராவின் மூக்குக்கு நேராகவே ஓட்டிக் காட்டுவேன், அறுபதில் போகிறவனை அது என்ன செய்துவிடும் என்று கிளம்பிவிட்டார்.

மச்சான் அக்காவின் ஃபோனில் வேகம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லுமாம். ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் ஆகாயத்தின் தயவு வேண்டும் என்று வாத்தியார் சிரித்தார். அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன் முன்னால் போனது, ஜீப் பின்னால் போனது. சாலை காலியாக இருந்தது. ஜீப்பின் முள் அறுபதில் வந்து நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. வேனில் இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று வாத்தியார் தன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மச்சானைக் கேட்டார்.

"அறுபத்தெட்டு காட்டுது அத்தான். கேமரா வருது, நான் குறைச்சுக்கிறேன்."

"கேட்டியா?" என்று மனைவியிடம் திரும்பினார் வாத்தியார். "போறது அறுபது. அதுக்கே நடுங்குறான் உன் தம்பி."

வேன் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கியது. வாத்தியார் முள்ளை அறுபதிலேயே வைத்துக்கொண்டு அதைக் கடந்தார். கடக்கும்போது மச்சானைப் பார்த்து ஒரு கையசைப்பு வேறு.

கேமராக் கம்பத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்து போனது.

"திமிரைப் பாரு அதுக்கு. அறுபதுல போறவனையும் பிடிக்குது. நீதான் சாட்சி, முள்ளை நல்லா பாத்துக்கோ."

மனைவி முள்ளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த ஃபோனை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுலயும் அறுபத்தெட்டுதாங்க."