கண்சிமிட்டாத வீடு

பண்டிகை வாரம் வந்துவிட்டால், எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பார்த்துச் சிரிக்கட்டுமென்று, அந்தக் குடியிருப்பில் எல்லோரும் ஏழு மணிக்கு விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். புதிதாகக் குடிவந்த நாலாவது மாடி வீடு மட்டும் இருண்டே கிடந்தது.

பிளாஸ்க்கும் பையுமாக இறங்கிவந்த அந்த வீட்டுப் பெண்ணைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் படியிலேயே மடக்கினார்.

"ஒரு சுவிட்சைத் தட்டக் கை வலிக்குதாம்மா? அந்தப் பிள்ளைங்க பாவமில்லையா?"

"அந்த நேரத்துல வீட்டுல யாரும் இருக்கிறதில்லை சார்."

"தினமும் அப்படி எங்கதான் போவீங்க?"

அவள் ஆஸ்பத்திரி ஜன்னலைக் காட்டினாள்.

"என் பொண்ணு அங்கதான் இருக்கா. 'நம்ம வீடு மட்டும் ஏம்மா கண்சிமிட்ட மாட்டேங்குது'ன்னு தினமும் கேக்கிறா."

செயலாளர் மெல்லக் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுத்துட்டுப் போம்மா."